சத்தம் அடங்கிய கார்

வெள்ளாங்குளத்திலிருந்து மன்னாருக்குப் போக ஒரு வாடகைக் கார் கிடைத்தது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, தூக்கம் காணாத கண்கள். கார் சத்தமே இல்லாமல் ஓடியது. ஆனால் அவர் அடிக்கடி வேகத்தைக் குறைத்துப் பின்னால் திரும்பி, “கூப்பிட்டனீங்களோ?” என்று கேட்டார். நான் வாயே திறந்திருக்கவில்லை.

பொறுக்கமுடியாமல், “ஏன் அண்ணை திரும்பத் திரும்பக் கேக்கிறியள்?” என்றேன்.

“முந்தி இந்தக் காரை வைச்சிருந்த பெடியன் இதுக்குப் பெரிய சத்தம் போடுற சைலன்சர் ஒண்டு பூட்டியிருந்தவன். உள்ளுக்கை இருந்தால் ஒரே இரைச்சல், காது அடைக்கும். நானும் மாத்தாமல் ஓடினனான். ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளைத்தாச்சியைத் தனிய ஏத்திக்கொண்டு போனனான். நிப்பாட்டச் சொல்லிக் கத்தியிருக்கிறா. எனக்குக் கேக்கேல்லை. போய்ச் சேரேக்கை பின் சீற்றிலை பிள்ளை பிறந்திருந்தது.”

“உயிரோடையோ?”

“இல்லை. அடுத்தநாளே சைலன்சரை மாத்திப்போட்டன். இப்ப ஆரும் கூப்பிடாட்டிலும் கேக்குது.”

மீதி வழி முழுக்க நான் கதைத்துக்கொண்டே வந்தேன். மழை, மீன் விலை, வாயில் வந்ததெல்லாம் கதைத்தேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மன்னாரில் இறங்கிக் கதவைச் சாத்தும்போதுதான், இந்த மனிதர் அவ்வளவு தூரமும் தனியே திரும்பிப் போகவேண்டும் என்பது உறைத்தது.