தாத்தாவின் முதல் மனைவிக்கு ஒரு பெயர்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 7, உட்பிரிவு 1: விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்கப்பட வேண்டும். வருவாய்த்துறைப் பணியில் இருந்தவரை இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. ஒன்றுமே சொல்லாத ஒரு கடிதத்தை இருபத்தொன்பதாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன். ஆகவே, விண்ணப்பதாரராக மாறியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆசைதான் வெட்கப்படும் அளவுக்கு இருந்தது.

நான் கேட்டது ஒரு பெண்ணின் பெயர்.

ஓய்வுபெற்ற பின் எங்கள் குடும்ப மரத்தை வரையத் தொடங்கினேன். கோவை வீட்டின் சாப்பாட்டு மேசையை நான்கு சார்ட் தாள்கள் மூடிவிட்டன. நானும் மனைவியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். தாத்தாவுக்குப் பக்கத்தில் இரண்டு மனைவியருக்கான கட்டங்கள். இரண்டாமவர் என் அப்பாவைப் பெற்றவர். முதலாமவர் ஒரு பெண்குழந்தையைப் பெற்ற சில நாட்களில் இறந்தவர். அவருடைய கட்டம் காலி. அந்தக் குழந்தைதான் என் அத்தை. தொண்ணூறு தாண்டி, சூலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டாம் மனைவி வந்த பிறகு முதல் மனைவியின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர் பிறந்த வீட்டுக்கு ஒரே மகள். அங்கேயும் இன்று கேட்க ஆளில்லை.

"சம்பந்தி ஊட்டு நாய் பேருகூட எனக்குத் தெரியும் கண்ணு," என்றார் அத்தை. "பெத்தவ பேரு தெரியாமயே போயிச் சேந்துருவேனாட்ட இருக்குது."

தொண்டாமுத்தூரில் இருக்கும் பங்காளி ஒருவரிடம் வம்சாவளி நோட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தென்னந்தோப்பில் முந்தின வாரம் யானை சாய்த்த மரங்களை முதலில் காட்டினார், பிறகு நோட்டைக் காட்டினார். தாத்தாவின் பெயருக்கு எதிரே, முதல் மனைவி: காவேரி. தோப்பிலிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன். மறுமுனையில் அவர் அந்தப் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தது கேட்டது.

மறுநாள், இரவல் வாங்கி வந்த நோட்டின் மற்றப் பக்கங்களைப் பிரதி எடுக்கும்போது பார்த்தால், கொள்ளுத்தாத்தாவின் மனைவியும் காவேரி, அவர் தம்பி மனைவியும் காவேரி. பங்காளியை அழைத்தேன்.

"இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்க?"

"கொடுமுடியில தர்ப்பணம் பண்டறப்ப அய்யரு பேரு கேட்டாருங்க. பொம்பளைங்க பேரு தெரியலீங்கன்னேன். அப்படீன்னா காவேரின்னு சொல்லிப்போடுங்கன்னாரு. சொன்னதை அப்படியே எழுதிப்போட்டனுங்க."

"நம்ம ஊட்டுப் பொம்பளைங்க எல்லாரும் ஆத்துலதான் பொறந்தாங்களாட்ட இருக்குது."

"ஆம்பளைங்க பேரு ஒண்ணு விடாம இருக்குதுங்களே!" என்றார், குறையே இல்லை என்பதுபோல.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறிச் சூலூர் போனேன். அந்த வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் அத்தையின் காதருகே குனிந்து சொன்னேன்.

"ஒரு நாளைக்குத்தான் எங்கம்மாளுக்குப் பேரு இருந்துச்சு. அதையும் புடுங்கிக்கிட்டயா?" என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும், "பெரிய ஆபீசரு. காயிதத்துல தேடறவனுக்கு இது கெடைக்கலியா?" என்றார்.

நியாயமான கேள்விதான். தேடியிருந்தேன், ஆனால் பிறப்புப் பதிவேட்டில். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கிராம மணியகாரர் பிறப்பை எழுதிவிடுவார் என்பதை மறந்து, அத்தையின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லி, 'பதிவு இல்லை' என்ற பதிலைப் பெற்றிருந்தேன். முப்பத்தைந்து வருட அனுபவத்தின் விளைவு அது.

"உங்கம்மா எப்பப் போனாங்கன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா, அத்தை?"

"நாம் பொறந்து ஒம்பதாம் நாளுன்னு சொல்லுவாங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது. ஆனால் செத்தவருக்குப் பெயர் உண்டு. இறப்புப் பதிவேடு! தேதி? அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஜாதகம் இருந்தது. வருடம், மாதம், தேதி, நாழிகை, எல்லாம். அதோடு ஒன்பது நாளைக் கூட்டினேன். ஒரு கிராமம், ஒரு வாரம், ஒரு பக்கம். பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்புறத்திலேயே விண்ணப்பத்தை எழுதிவிட்டேன்.

முப்பது நாள் போயிற்று, பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு, பிரிவு 19, உட்பிரிவு 1. தாலுகா ஆபீசுக்கு நேரில் போனால், "பழைய ரிஜிஸ்டருங் சார், தொட்டா ஒடியுதுங்," என்றார் எழுத்தர். "மத்ததெல்லாம் ஒடியட்டும், அந்த ஒரு பக்கத்தைப் பாத்துத் தொடுங்க," என்றேன். அத்தை தினமும் காலையில் போன் செய்தார். "வந்துச்சா?" அவ்வளவுதான். நடுவில் நெஞ்சுச் சளியென்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்தும் கேட்டார்.

உறை வந்தபோது உடனே பிரிக்கப் பயமாக இருந்தது. 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதி முடித்த மணியகாரர்கள் பலரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பிரித்தேன். நகலில் முதல் இரண்டு வரிகளும் அப்படித்தான் இருந்தன. மூன்றாவது வரியில் தாத்தாவின் பெயர், அதற்கு முன்னால் நான்கு எழுத்தில் இன்னொரு பெயர். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு சூலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

அத்தையின் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. அவர் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்துப் பெயரைப் படித்தேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"வயசு போட்டிருக்குதா?"

"பத்தொம்போதுங்க, அத்தை."

"பத்தொம்போதா?" விரலை எடுக்கவில்லை. "எம் பேத்தியவிடச் சின்னப்புள்ள. நாம் பாரு, இத்தன நாளும் ஒரு கெழவியத் தேடிக்கிட்டிருந்தேன்."

மாலை வீடு திரும்பி, காலிக் கட்டத்தில் மையால் பெயரை எழுதினேன். பென்சிலால் எழுத வேண்டிய அவசியம் இல்லை. அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து எண்பத்தாறாவது நாள்.