செண்பகவல்லியின் ரேஷன் கார்டு

தாராவியில் பிச்சையா பெண்டாட்டி செண்பகவல்லி என்றால், ஒரு முள்ளங்கியை வைத்து மூன்று வேளை ஒப்பேற்றுகிறவள் என்று பெயர். கிழங்கு சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு, தண்டு மறுநாள் துவையலுக்கு. அடுப்புக்கரியின் தூளைக்கூடக் கொட்டமாட்டாள். சாணியும் களிமண்ணும் சேர்த்து உருட்டி, தகரக் கூரைமேல் காயவைத்து எரிப்பாள். குழம்பு கூட்டுவது அரிசி கழுவிய தண்ணீரில். தாளிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கஞ்சப்பிசினாறி என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். யாருக்காக மிச்சம் பிடிக்கிறாள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

எல்லாம் மகள் இசக்கிக்காக. நாற்பத்திரண்டாம் வருஷம், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பம்பாய் மூட்டை கட்டியபோது, பிச்சையா தன் மூன்று வயது மகளை நாங்குநேரிக்குக் கொண்டுபோய் அக்கா மீனாட்சியம்மாளிடம் விட்டுவிட்டு வந்தான். இரண்டு மாதம் என்றுதான் பேச்சு. குண்டும் விழவில்லை, பிள்ளையும் திரும்பி வரவில்லை. மீனாட்சியம்மாளுக்குக் குழந்தை கிடையாது. வெயில் தாழட்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அம்மை போட்டிருக்கிறது, தலைக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று அடுத்தது. செண்பகவல்லிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் புருஷன் வாசித்து முடித்ததும் கடிதத்தை வாங்கி, எந்த இடத்தில் இசக்கி பேர் இருக்கிறது என்று கேட்டு, அதை விரலால் தடவிப் பார்ப்பாள்.

அடுத்த வருஷம் ரேஷன் வந்தது. அதில்தான் அவள் ஒரு காரியம் செய்துவைத்தாள்.

கார்டுக்குக் கணக்கெடுக்க வந்த ஆள் வாசலில் நின்று, "கர் மே கித்னா ஆத்மி?" என்று கேட்டான். பிச்சையா தகரப் பெட்டிப் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தான். ஆத்மி என்ற சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். பம்பாய் வந்த புதிதில் குழாயடி மராத்திக்காரிகள் "தேரா ஆத்மி கிதர் காம் கர்தா?", உன் புருஷனுக்கு எங்கே வேலை, என்று கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். ஆத்மி என்றால் புருஷன். வீட்டில் எத்தனை புருஷன் என்று ஒருவன் பட்டப்பகலில் வாசலில் நின்று கேட்டால் மானமுள்ளவளுக்குக் கோபம் வராதா?

"ஏக்! ஏகிச் ஆத்மி!" என்று ஒரு விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவனும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான். கார்டு ஒரே ஆளுக்கு வந்தது.

பக்கத்து வீட்டு பீவிக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். பம்பாய் வந்து இருபது வருஷமாகிறது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி கூறுகெட்டவளே, ஆத்மின்னா ஆளுட்டி! வீட்டுல எத்தன பேருன்னு கேட்டிருக்கான்."

"புருசன் எத்தனன்னு கேக்கான்னு நெனச்சிட்டேன் பீவியக்கா. ரெண்டு சாத்து சாத்தாம விட்டனேன்னு சந்தோசப்படுங்க."

பிச்சையாவும் சிரித்தான். சிரித்ததோடு விட்டானா? வேடிக்கையாக இருக்கட்டுமே என்று அக்காவுக்கும் எழுதிப்போட்டான். மீனாட்சியம்மாள் சிரிக்கவில்லை. 'ஓராள் அரிசியில ரெண்டு பேரு சாப்பிடுதிய. பிள்ளைய அங்க அனுப்பிப் பட்டினி போடச் சொல்லுதியளா?' என்று பதில் வந்தது. அந்த மனுஷனின் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம் என்று செண்பகவல்லிக்கு இருந்தது.

கார்டில் ஒன்றை இரண்டாக்க அலைந்ததில், பட்டறையில் நாலு நாள் சம்பளம் போயிற்று. ஆக்கினதும் ஊருக்கு எழுதினார்கள். 'பிள்ளை பேரு கார்டில் இல்லையே, ஏறட்டும்' என்றாள் மீனாட்சியம்மாள். ரேஷன் ஆபீஸிலோ, பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் பேர் ஏற்ற முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். கார்டு இல்லாமல் பிள்ளை வராது, பிள்ளை வராமல் கார்டு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் பெற்றவள் கிடந்து அல்லாடினாள்.

அன்றிலிருந்து அவள் சோற்றில் கைவைக்கவில்லை. ரேஷனில் அரிசி கொஞ்சம், கம்பும் சோளமும் கோதுமையும்தான் மிச்சம். அரிசிச் சோறு புருஷனுக்கு, கம்பங்களி தனக்கு. தன் பங்கு அரிசியை, பிச்சையா செய்துகொடுத்த மூடி போட்ட பெரிய தகர டப்பாவில் போட்டுவைத்தாள். வேப்பிலை போட்டாள், வற்றல் மிளகாய் போட்டாள், பழைய அரிசியைச் சமைத்துவிட்டுப் புதிய அரிசியை உள்ளே வைத்தாள். முறத்தில் பரப்பி வண்டு பொறுக்கும்போது, இத்தனை பிடி இருந்தால் ஆறு மாதம் தாங்கும், எட்டு மாதம் தாங்கும் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். தெருவில் எந்தக் குழந்தையாவது "அம்மா" என்று கத்தினால் முறத்தோடு எழுந்து நின்றுவிடுவாள். எழுந்ததற்கு வெட்கப்பட்டு, மறுபடி உட்காருவாள்.

மூன்று வருஷம் ஆயிற்று. ஒருநாள் புருஷன் முன்னால் டப்பாவைத் திறந்துவைத்தாள்.

"ஒரு வருசத்துக்கு அரிசி இருக்கு. இனிம உங்க அக்கா கார்டு கேட்டா, இதப் பாத்தேன்னு சொல்லுங்க. பிள்ளை இல்லாம நீங்க வந்தா நான் இங்க இருக்கமாட்டேன்."

பிச்சையா போனான். அக்கா அழுதாள், ஏசினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஆனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இசக்கிக்கு இப்போது ஏழு வயது. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தப் பல் விழுந்ததைக்கூடத் தான் பார்க்கவில்லையே என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. கையை நீட்டினாள்.

பிள்ளை பிச்சையாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதுதான் அத்தையா?" என்றது.

பிள்ளைமேல் தப்புச் சொல்ல முடியாது. மீனாட்சியம்மாளை அம்மா என்று கூப்பிட்டால், அவள் தம்பி மாமாதானே? தம்பி பெண்டாட்டி அத்தைதானே? முறை பிசகாமல்தான் கூப்பிட்டிருக்கிறது. "ரயில்ல ரெண்டு நாளும் என்ன மாமான்னுதான் கூப்பிட்டா. சொன்னாலும் கேக்க மாட்டேங்கா" என்று பிச்சையா தலையைச் சொறிந்தான்.

டப்பா அரிசியைப் பொங்கி, நெய் வாங்கி ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். பிள்ளை நன்றாகத்தான் சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டு, "எங்க அம்மா வச்சா இப்படி மிளகா வாடை அடிக்காது அத்தை" என்றது. செண்பகவல்லி தட்டைக் கழுவப் போனவள் நெடுநேரம் அதையே கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிச்சையாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே ரேஷன் ஆபீஸ் வரிசையில் போய் நின்றாள். மேஜைக்குப் பின்னால் சுந்தரராமன் என்ற பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவிலிருந்து வருகிற குமாஸ்தா. தமிழ் பேசுகிறவர் கிடைத்தாரே என்று அவளுக்கு மூச்சு வந்தது. அந்தத் தமிழே அவளைக் கவிழ்க்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கொழந்தே, இவா யாராக்கும் ஒனக்கு?" என்று அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் குனிந்து கேட்டார்.

"அத்தை."

"ஒங்கம்மா எங்கே?"

"நாங்குநேரில இருக்கா."

சுந்தரராமன் பேனாவை மூடினார். "இந்த மாசம் இப்படி ஏழு பேர் வந்துட்டா. அடுத்தாத்துக் கொழந்தைகளைக் கூட்டிண்டு வந்து பேர் ஏத்தப் பாக்கறேள். கொழந்தைக்குக் கிடைக்கற அரைப் பங்கு அரிசிக்கு ஆசைப்பட்டு இந்தப் பிஞ்சுக்கும் பொய் சொல்லிக் குடுக்கணுமா? அதுக்குப் பொய் சொல்ல வரலை, பாருங்கோ. நகருங்கோம்மா."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். செண்பகவல்லி நகரவில்லை. ஏதேதோ சொல்லவேண்டும் என்று இருந்தது: குண்டு, அம்மை, கடிதம், ஆத்மி. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரு பிடி அரிசியைக்கூட விட்டுக்கொடுக்காதவள் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, அரிசி வேண்டாம். கோதும வேண்டாம், சீனி வேண்டாம், ஒண்ணுமே தரவேண்டாம். அவளுக்கு வேண்டியத நான் சேத்து வச்சிருக்கேன். வளத்தவள அம்மாங்கா, பெத்தவள அத்தைங்கா. அவளுக்கு அம்புட்டுத்தான் தெரியும். அந்தப் புஸ்தகத்துல எம் மகள்னு பேர மட்டும் எழுதிருங்க சாமி."

சுந்தரராமன் அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அரிசி வேண்டாம் என்று சொல்லி அந்த மேஜைக்கு முன்னால் அதுவரை யாரும் நின்றதில்லை. பேனாவைத் திறந்தார். மெதுவாக எழுதி, மை காயும்வரை காத்திருந்து, "இசக்கியம்மாள், வயசு ஏழு, மகள்" என்று வாசித்துக் காட்டினார். அரிசிக் கட்டத்தையும் நிரப்பிக் கார்டை நீட்டினார்.

செண்பகவல்லி கையை நீட்டி வாங்கவில்லை.

"கடைசிச் சொல்ல இன்னொரு தடவ சத்தமா வாசிங்க சாமி" என்றாள். "பிள்ளைக்குக் கேக்கல."