இரண்டாம் பெட்டியில் செத்த புழுக்கள்

பள்ளி வேன் ஓட்டும் அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் 'நத்தை' என்றுதான் சொல்வார்கள். வேகத்தடை இல்லாத இடத்திலும் இருப்பதுபோல ஓட்டுவாள். அவ்வளவு பயந்த சுபாவம். அவள் எப்படி மொட்டைமாடியில் தேனீ வளர்க்கிறாள் என்று கேட்டால், பூட்டு ரிப்பேர் செய்யும் கணவன் சொல்வான்: "அவளுக்கு மனுஷங்களக் கண்டாத்தான் பயம்."

இருந்தது ஒரே பெட்டி. அதில் கூட்டம் பெருத்து, பாதி ஈக்கள் என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பிவிடும் என்றிருந்தது. முட்டையும் புழுவும் உள்ள அடைகளைத் தாங்கிய சில மரச்சட்டங்களை ஈக்களோடு எடுத்து, புதுப் பெட்டியில் போட்டுப் பக்கத்திலேயே வைத்தாள். முட்டை இருந்தால் ஈக்கள் புது ராணியைத் தாமே வளர்த்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் பெட்டியில் காதை வைத்தாள். இரைச்சல் இல்லை. திறந்தால் ஒரு கைப்பிடி ஈக்கள்தான். புழு அறைகளின் மெழுகு மூடிகள் உள்ளே அமுங்கியிருந்தன. புழுக்கள் பழுப்பாகிச் செத்துக் கிடந்தன. புளித்த வாடை வேறு.

புழு அழுகும் நோய் என்றால் பெட்டியை எரிக்க வேண்டும்; பக்கத்துப் பெட்டியும் தப்பாது. அதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்தது. கூட்டத்தைப் பிரித்த மறுநாளே, சட்டம் நெம்பும் உளியைப் பின்தெருத் தேன்காரரிடம் இரவல் கொடுத்திருந்தாள். உளியோடு நோயும் போயிருந்தால்? அவருக்குப் பிழைப்பே தேன்தான்.

"சொல்லாம இருந்துரலாமா?" என்றாள் கணவனிடம்.

"நெருப்பப் பொட்டலம் கட்டி வைக்க முடியுமா? போனப் போடு."

தேன்காரரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணே… உங்க பெட்டிக்கும் வந்துருக்குமா?"

"மொதல்ல நோய்தானான்னு பாப்போம்மா. ஒரு தீக்குச்சிய எடு. செத்த புழுவுல குத்தி, மெதுவா இழு. கயிறு மாதிரி நீண்டு வந்தா நோய்."

முதல் குச்சி அவசரத்தில் ஒடிந்தது. இரண்டாவதைக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நீளலண்ணே. தண்ணியா சொட்டுது."

இன்னும் நாலைந்து அறைகளில் குத்தச் சொன்னார். எதுவும் நீளவில்லை. அவர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது.

"புதுப் பெட்டிய எங்க வச்ச?"

"பழசுக்குப் பக்கத்துலதான்."

"அதான் பாரு! பறக்கத் தெரிஞ்ச ஈயெல்லாம் பழைய வீட்டுக்கே போயிருச்சு. மூடிப் படுக்க ஆளில்லாமக் குளிர்ல புழு செத்துருச்சு."

அவர் சொன்னபடி, பழைய ராணி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு தடவை பார்த்து, பழைய பெட்டியிலிருந்து முட்டையுள்ள அடையையும் மூடிய புழு அடையையும் புதுப் பெட்டிக்கு மாற்றினாள். பறக்கத் தெரியாத இளம் ஈக்களையும் அதில் உதறிவிட்டாள். தேனைக் கொள்ளையடிக்க வரும் வேறு கூட்டு ஈக்கள் நுழையாதபடி வாசலை விரலளவுக்குக் குறுக்கினாள். அன்றிலிருந்து வேன் ஓட்டும்போதும் நினைப்பெல்லாம் மாடியில்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, சட்டம் ஒன்றை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். அறைக்கு ஒன்றாக வெள்ளை நூல் துணுக்குபோல முட்டைகள்.

"என்ன, எரிக்கணுமா?" என்று மாடிப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து கணவன் கேட்டான்.

"இல்ல. புது ராணி முட்ட போட்டுருச்சு!" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

அந்த ராணி எங்கே நசுங்கிவிடுமோ என்று, சட்டத்தை வேகத்தடையில் வேனை இறக்குவதுபோல மெல்லத் திரும்ப இறக்கினாள்.