கானின் விருந்தாளிகள் தங்கிய பள்ளிக்கூடம்

டர்கோ பள்ளத்தாக்கின் பெண்கள் பள்ளிக்கு தில்ஷாதா ஆசிரியையாக வந்த வருஷமே பூமி குலுங்கிக் கூரை விழுந்தது. கூடாரத்தில் பாடம் நடத்தினாள். மூன்று வருஷம் கழித்து, பெண்பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று துப்பாக்கிக்காரர்கள் கூடாரத்தைக் கொளுத்தினார்கள். ராணுவம் வந்து சண்டை மூண்டதும் ஊரே சமவெளிக்கு நடந்தது. திரும்பி வந்து அக்ரூட் மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்தாள். அடுத்த கோடை மழையில் ஆறு பெருகி, மரத்தையே பெயர்த்துக்கொண்டு போனது.

அப்புறம் ஐந்து வருஷம், பள்ளிக்குக் கட்டடம் கேட்டு மனு எழுதினாள். மாவட்டத் தலைநகருக்கு ஜீப்பில் ஆறு மணி நேரம். போனால், "ஐயா மீட்டிங்ல இருக்காரு, வியாழக்கிழமை வாங்க" என்பார்கள். வியாழக்கிழமை பாதை சரிந்து கிடக்கும்.

ஒருவழியாக மூன்று அறைகள் எழும்பின. இலவசமாக நிலம் கொடுத்தவர் ஊரின் பெரிய நிலக்காரர் பஹ்ரமந்த் கான். அதற்குப் பதிலாகக் காவலாளி வேலை அவர் அண்ணன் மகன் ஷேர்வலிக்கு. திறப்பு விழா முடிந்த மறுநாள் தில்ஷாதா போய்ப் பார்த்தால், முதல் அறையில் சோளத்தட்டை, அடுத்ததில் கானின் எருமை, மூன்றாவதில் கயிற்றுக் கட்டில் போட்டு அவருடைய விருந்தாளிகள்.

"என்னப்பா இது?"

"குளிர் விடட்டும் டீச்சர். உங்க பொண்ணுங்களுக்காவது வீடு இருக்கு, எருமைக்கு எங்க இருக்கு?" என்று ஷேர்வலி சிரித்தான்.

குளிர் விட்டது. எருமை கன்று போட்டது.

ஒரு சித்திரைக் காலையில் இருபத்து மூன்று சிறுமிகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு, நேரே விருந்தாளிகளின் அறைக்குள் நுழைந்தாள். பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் பதறி எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளியேறினார்கள். வேற்றுப் பெண்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு அவமானம்.

கான் மூச்சிரைக்க ஓடிவந்தார். "விருந்தாளிங்கள விரட்டிட்டியே பொண்ணே! என் மானம் போச்சு!"

"பள்ளிக்கூடத்துல அவங்கள உக்கார வச்சது யாரு மாமா? நானா?"

கான் தாடியைச் சொறிந்தார். "சரி, இந்த ரூம வச்சுக்க. எருமை மேல மட்டும் கை வைக்காத."

ஐந்து வகுப்பும் அந்த ஒரே அறையில் நடந்தன. அவள் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து அறையில் எருமை கத்தும். மற்ற இரண்டு அறைகளுக்காக மறுபடி மனு எழுதினாள். ஒரு வருஷம் கழித்து அதிகாரி வந்தார். சுவருக்கு வெளியே நின்றே போட்டோ எடுத்தார். கான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு கடிதம் வந்தது: 'மூன்று வகுப்பறைகளும் நல்ல முறையில் இயங்குகின்றன. குறை ஏதும் இல்லை.'

தில்ஷாதா அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்கடி."

"மணி பத்துதானே டீச்சர் ஆகுது?"

"போங்கன்னா போங்க!"

பூகம்பத்துக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் பாதியில் வகுப்பை விட்டவள், கோபத்துக்காக விட்டது அன்றுதான்.