ஜெயரூபினியின் மணிக்கோடு

கண்ணை இறுக மூடிக்கொண்டு வாளிக்குள் கையை விடுகிறாள் ஜெயரூபினி. அகப்பட்ட இறாலைப் பலகையில் ஒட்டிய அளவுகோலின் மேல் நீட்டி வைத்த பிறகுதான் கண் திறக்கிறாள். "எண்பத்தொன்பது." எழுதுகிறாள். மறுபடி கண்ணை மூடுகிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் இப்படி இருநூறு இறால்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்கு எதிரே, மேல்மாடியில், எங்களுக்கு அடுத்தடுத்த அறைகள். என் அறையில் கணித ரியூசன்; அவள் அறை, கடலோரக் களப்பு இறாலை ஆராயும் கந்தோர். அவளுக்கு முப்பத்துநான்கு வயது. இறால் மணம் போகத் தேய்த்துத் தேய்த்து அவள் கையில் எப்போதும் தேசிக்காய் வாசம். எண்ணி முடியுமட்டும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். யாராவது கூப்பிட்டால் முழங்கையை ஆட்டிப் பொறுக்கச் சொல்வாள்.

அளந்ததைக் கணினியில் போட்டால், எந்த நீளத்தில் எத்தனை இறால் என்று புள்ளிகள் எழும்பும். அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்த, மணியின் வடிவில் மென்பொருள் ஒரு கோடு இழுக்கும். ஒரு மணி என்றால் ஒரே பருவத்தில் பொரித்த இறால். இரண்டென்றால் இரண்டு பருவம். எத்தனை மணி, உச்சி ஏறக்குறைய எங்கே என்று முதலில் அவள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். "நாங்கள் பிழையாச் சொன்னாலும் அது வடிவாக் கீறித் தரும் சேர்" என்பாள்.

இரண்டு வருடமாக வந்தது ஒரே மணிதான். ஒடுங்கி உயர்ந்தது, உச்சி நூற்றுப்பன்னிரண்டு மில்லிமீற்றரில். கோடு ஒரு புள்ளியையும் தவறவிடாது. கொழும்பில் அவளுடைய மேலதிகாரி அதைக் கூட்டங்களில் காட்டினாராம். நானும் என் மாணவரைக் கூட்டிவந்து காட்டினேன். இவ்வளவு சுத்தமாக ஒரு கோடு எப்படி வந்தது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இறால் கொண்டுவந்தவர் அவளுடைய தகப்பன் மத்தேயு. களப்பில் வீச்சுவலை வீசுகிறவர். பனையோலை உமலைப் படியில் வைத்துவிட்டு, "பிள்ளை, சாமான் வந்திட்டுது" என்று ஒரு குரல் கொடுப்பார். சேற்றுக் காலோடு கந்தோருக்குள் ஏறக்கூடாது என்று ஒருநாளும் மேலே வந்ததில்லை. மாசியில் நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை.

அதன்பிறகு அயல்வீட்டு அனிஸ்ரன் கொண்டுவரத் தொடங்கினான். முதற்கிழமையே உச்சி எண்பத்துநாலுக்கு இறங்கியது. மணி அகன்றது, சின்ன இறால் பக்கமாக இன்னொரு மணியும் முளைத்தது. கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இறால் இப்படிச் சிறுத்துப்போனால் ஆறு மாதம் களப்பில் வலை போடத் தடை கேட்க வேண்டிவரும், விளக்கம் எழுதுக என்று. அவளுடைய கரையில் அறுபது குடும்பங்களுக்கு அந்தக் களப்பை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

தகப்பனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, தாய் மரியமலரிடம் கேட்டிருக்கிறாள்: "அப்பா எந்தப் பக்கத்தில வலை வீசினவர் அம்மா?"

"எல்லாரும் வீசுற இடத்திலதான் பிள்ளை. உன்ர உமலுக்கு மட்டும் குந்தியிருந்து ஒவ்வொண்டாத் தெரிஞ்செல்லோ போடுறவர். சின்னனைக் கொண்டுபோனா கந்தோரில பிள்ளையைக் குறைவா நினைப்பினம் எண்டு."

இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "பொறுக்கி எடுக்காமல் அள்ளிக்கொண்டு வாங்கோ அப்பா எண்டு ஒரு சொல்லு நான் சொல்லேல்லை சேர்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தடை வரும். உள்ளதை எழுதினால் இரண்டு வருட உழைப்பும் பெயரும் போகும். எழுதினாள். முதல் நூற்றுநான்கு கிழமைகளின் அளவுகள் தெரிந்தெடுத்த இறால்களுடையவை, பிழை என்னுடையது என்று இரண்டே வரி. தகப்பனின் பெயர் அதில் இல்லை. இறால் சிறுத்ததற்கு ஆதாரம் இல்லையென்று தடைப் பேச்சு நின்றது. ஆய்வை முதலிலிருந்து தொடங்கச் சொல்லி, அவளுக்கு மேலே ஒருவரையும் போட்டார்கள்.

மென்பொருளில் கிழமைக்கு ஒரு சின்னக் கட்டம். அதிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அந்தக் கிழமை கணக்கில் சேராது. எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் எடுக்கும் வழியை நான் காட்டினேன். "இல்லை சேர், ஒவ்வொண்டா எடுக்கிறன்" என்றாள். ஒவ்வொரு அழுத்துக்கும் அந்த ஒடுங்கிய மணி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டு போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எழும்பவில்லை.

கண்ணை மூடி எடுக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். தன் கையும் தகப்பனின் கை மாதிரிப் பெரியதைத் தேடிப் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

இன்றைக்கும் செவ்வாய். அனிஸ்ரனின் உமலை வாளிக்குள் கவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக் கையை விட்டாள். அகப்பட்டது நல்ல பெரிய இறால். தொட்டதுமே தெரிந்திருக்கும். பலகையில் நீட்டி வைத்தாள். விரல்கள் அதன் மேலேயே கிடந்தன. நான் நின்ற இடத்திலிருந்து நூற்றுப்பன்னிரண்டு என்று தெளிவாகத் தெரிந்தது. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.