எந்தப் பாண்டியன் வீடு?

மதுரையை ஆண்ட ராஜாக்கள் போய் எத்தனையோ நூறு வருஷமாச்சு. பெயர் மட்டும் தாராவியை இன்னும் ஆண்டுகொண்டிருக்கிறது. எங்கள் அப்பா பாண்டியன். எதிர்ச் சந்தில் டெய்லர் பாண்டியன், முனையில் பாண்டியன் மெஸ், அதைத் தாண்டினால் பெல்ட் பட்டறை பாண்டியன். ஊர்ப்பக்கம் ரயிலுக்கே அந்தப் பெயர்தான். "கதவு நம்பர் எதுக்கு? பாண்டியன் வீடுன்னு கேளுங்க, போதும்" என்று அப்பா பெருமையடிப்பார். கல்யாண் ஸ்டேஷன் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொல்லித் தொலைத்தார். தரகர் கொண்டுவந்த இடம், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் வந்த எல்லாரும் நான் வேலையை விடணும் என்றார்கள். இந்த மாப்பிள்ளை ஒருத்தர்தான் போனில், "சான்பாடா ஆபீஸா? எங்க வீட்லேர்ந்து தாணேயில டிரெயின் மாறணுமே, கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழுந்துட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணைப் பார்க்காவிட்டால் சகுனம் சரியில்லை என்று கிளம்பிவிடுவார்கள். நாலு மணியாகியும் ஆளைக் காணோம். அப்பா போன் போட்டார். "வந்து எவ்வளவு நேரமாச்சு! பாண்டியன் வீட்லதான் காபி குடிச்சிட்டிருக்கோம்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எந்தப் பாண்டியன் என்று கேட்பதற்குள் லைன் கட், திரும்பப் போட்டால் சுவிட்ச் ஆஃப். அடப்பாவிகளா!

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நம்ம ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டு யார் வாசலில் நின்றாலும் முதலில் உட்காரவைத்துப் பலகாரம் கொடுப்பார்கள். சாப்பிட்டு முடிக்குமுன் என்ன விஷயம் என்று கேட்பது மரியாதையில்லை. வந்தவர்களும், பெண் உள்ளே அலங்காரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா கையைப் பிசைந்தார். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினேன்.

"ஏட்டி, பொண்ணு போகக் கூடாதுட்டி!" அம்மா கத்தினாள்.

போம்மா! ஓடினேன். டெய்லர் வீடு பூட்டியிருந்தது. மெஸ்ஸில் ஈ காக்கா இல்லை. பெல்ட் பட்டறைக்கு மேலே மாடிவீடு. இரும்பு ஏணியில் தடதடவென்று ஏறினேன்.

இருந்தார்கள்! வரிசையாக உட்கார்ந்து, அவசரமாகக் கிண்டிய கேசரியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் பெண்பிள்ளையே கிடையாது.

"நான்தான் பொண்ணு" என்றேன், மூச்சு வாங்க.

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பார்க்க வந்தது நாங்க. நீ பார்க்க வந்துட்டியேம்மா?"

மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. கையில் கேசரியோடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டேன் அத்தை" என்றேன். "எனக்குச் சம்மதம். இனி உங்க பிள்ளைதான் சொல்லணும்."