மூக்கு சார் வெட்டின பேட்டரி

பழைய கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டினதும் கண்ணால பாக்க மாட்டான், மூக்கைத்தான் உள்ளே விடுவான். ஒரு மூலையில ஆரம்பிச்சு மறு மூலை வரைக்கும் இழுத்து இழுத்து மோந்துட்டு, "மீன் வாடை அடிக்குது, கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கு"ம்பான். இல்லாட்டி, "இது இனிப்பாக் கருகின வாடை, டிரான்ஸ்பார்மர் போச்சு"ம்பான். பத்துக்கு எட்டு தடவை சரியா இருக்கும். மீதி ரெண்டு தடவையும் தப்பு அந்தப் பொட்டி மேலதான்.

என் வீட்டுக்காரரோட தம்பி, எனக்குக் கொழுந்தன். நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவனுக்கு மீசை முளைக்கலை, அதனால எனக்கு அவன் இவன்தான். கிளப்புல இருக்கறவங்களுக்கு முகத்துக்கு நேரா "சார்", முதுகுக்குப் பின்னாடி "மூக்கு சார்". அது அவனுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கறதுல கெட்டிக்காரன்.

கிளப்புன்னா பெருசா ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரர் போனாரு, அவர் பின்னாடியே காரும் போச்சு, ஷெட் காலியா கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஏழெட்டு கிழடுங்க அங்க கூடும். யாருக்கும் வேண்டாத பழைய கம்ப்யூட்டராப் பாத்துத் தூக்கிட்டு வந்து, நோண்டி, ஈயம் வெச்சுப் பத்தவெச்சு, அது ஒரு வரி எழுத்தைக் காட்டினதும் கை தட்டுவாங்க. தட்டி முடிச்சதும் அணைச்சு அலமாரியில வெச்சிடுவாங்க. எதுக்குடா இந்தக் கூத்துன்னு கேட்டா, "ஓடுது பாருங்க அண்ணி"ம்பான். ஓடி எங்கடா போகப் போகுது?

முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன். கரண்ட் இருக்கற இடத்துல ஒத்தைக் கையாலதான் வேலை செய்வான், இடது கை பாக்கெட்டை விட்டு வெளியே வராது. ரெண்டு கையும் உள்ளே போனா கரண்ட் நெஞ்சு வழியா போகுமாம். புதுசா ஒரு பொட்டிக்கு கரண்ட் குடுக்கறப்ப நேரா குடுக்க மாட்டான், நடுவுல ஒரு குண்டு பல்பை மாட்டிக் குடுப்பான். பல்பு பளிச்சுனு எரிஞ்சா உள்ளே ஷார்ட். மினுக்கிட்டு அடங்கினா பொழைச்சுது. உசுரு விஷயத்துல அவ்வளவு நிதானம். ஆனா தப்பை ஒத்துக்கறது மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. ஒரு தடவை இடுப்பு அளவு தப்பா சொல்லி பேன்ட் தெச்சுட்டு வந்தான். டெய்லர் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு, தன் மேலயும் இல்லைன்னு காட்டணுமே! ஒரு வருஷம் அதைப் போட்டுக்கிட்டு, உக்காரவும் முடியாம பேசவும் முடியாம, மூச்சைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சான்.

பேட்டரி கதைக்கு வரேன். அந்தப் பழைய பொட்டிங்களுக்குள்ள விரல் தடிமன்ல ஒரு சின்ன பேட்டரி பத்தவெச்சிருக்கும். வருஷம் ஆக ஆக அது பச்சையாக் கக்கும், கக்கினது போர்டை அரிச்சுத் தின்னுடும். அதனால இவன் மோந்து முடிச்சதும் அடுத்த வேலை, கட்டரை எடுத்து அந்த பேட்டரியை டக், டக்னு ரெண்டு வெட்டு. "முதல்ல வெட்டு, அப்புறம் பேசு"ன்னு கிளப்புக்கே பாடம் எடுப்பான். வெட்டினதை எல்லாம் ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு வெச்சிருக்கான், பல் டாக்டர் பிடுங்கின பல்லை சேத்து வெச்ச மாதிரி. எழுபது எண்பது இருக்கும்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு பொம்பளை விறுவிறுன்னு ஷெட்டுக்குள்ள வந்தா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பின்னாடியே வண்டிக்காரன், கம்பளியில சுத்தின ஒரு பொட்டியைத் தூக்கிட்டு வந்தான். சாதாரண செருப்புல நடக்க முடியாதவங்களுக்கு ஷூ தெச்சுக் குடுக்கறவளாம். கோணக் கால், குட்டைக் கால், விரல் எடுத்த கால், எல்லாத்துக்கும். ஒவ்வொரு காலுக்கும் மரத்துல அச்சு கடையணும், அந்த அச்சு மேல தோலைப் போட்டு இழுக்கணும். கடையற மிஷினை ஓட்டறதே இந்தக் கம்ப்யூட்டர்தான். அவ மாமனார் வாங்கி வெச்சது. செவ்வாய்க்கிழமை புகை வந்து அணைஞ்சுபோச்சாம்.

"முன்னூத்தி பன்னெண்டு பேரோட அளவு இதுக்குள்ள இருக்கு சார். ஒரு காலுக்கு நாப்பது இடத்துல அளவு. கடையில எல்லாம் குடுத்தேன், பாத்துட்டுச் சிரிக்கறாங்க."

"பேப்பர்ல எழுதி வெக்கலையா?"ன்னு நான் கேட்டேன்.

"அளவு எடுக்கற கருவியில இருந்து நேரா இதுக்குள்ளதான் போகும்மா. பிளாப்பியில ஒரு காப்பி இருந்துச்சு, பூஞ்சை பிடிச்சுப் போச்சு. பாதிப் பேர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவங்க. திரும்ப அளவெடுக்கணும்னா ஒவ்வொரு வீட்டுக்கா போகணும். வர்ற புதன்கிழமை ஒரு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில கட்டு பிரிக்கறாங்க, ஷூ இல்லாம எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவ என்கிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருக்கறப்பவே மேசைப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. டக், டக்.

டெலிபோன்காரர்னு ஒருத்தர் கிளப்புல இருக்காரு. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, எப்பவும் ஏதாவது கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பாரு. அவரு மெதுவா, "சார், டிஸ்க் நம்பர் தெரியுமா?"ன்னு கேட்டாரு.

இவன் கையில கட்டர் அப்படியே நின்னுச்சு. காது மடல் சிவந்துபோச்சு. ஐம்பது வருஷமா பாக்கறேன், அந்தக் காது சிவந்தா விஷயம் பெருசு.

நான் டீ கிளாசை எடுக்கற சாக்குல டெலிபோன்காரர் பக்கத்துல போய் நின்னேன். "என்னாச்சு?"

"அக்கா, உள்ளே டிஸ்க்னு ஒண்ணு இருக்கு, அதுலதான் அளவெல்லாம் எழுதியிருக்கு. அது எந்த வகை டிஸ்க்குன்னு பொட்டிக்கு ஞாபகம் இருக்கறது இந்த பேட்டரியாலதான். வெட்டினா மறந்துடும். தப்பான நம்பர் குடுத்தா டிஸ்க்கைப் படிக்காது, இல்லைன்னா உளறும். முதல்ல கரண்டைச் சரி பண்ணி, ஓடவிட்டு, நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டு, அப்புறம் வெட்டியிருக்கணும்."

"இத்தனை வருஷமா முதல்லதானே வெட்டிக்கிட்டு இருந்தான்?"

"இத்தனை வருஷமா வந்த டிஸ்க்ல யாருக்கும் வேணுங்கறது ஒண்ணும் இல்லையேக்கா."

டிஸ்க் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தொடைச்சுப் பாத்தாங்க. மரத்தூளும் எண்ணெயும் ஏறி, பேரும் இல்லை நம்பரும் இல்லை, வெறும் மஞ்சக் காகிதம். அவ ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக்கிட்டு இருந்தா.

டெலிபோன்காரர் இவன் காதுகிட்ட குனிஞ்சு, "டிஸ்க் ஏற்கனவே செத்திருந்துச்சுன்னு சொல்லிடுங்க சார். நம்பிடுவாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா என் காது இன்னும் கெட்டுப்போகலை. இவன் சொல்லிடுவான்னுதான் நானும் நினைச்சேன். சொன்னா அந்த ஷெட்டைப் பூட்டி சாவியைக் கிணத்துல போட்டுடறதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

கட்டரை மேசையில வெச்சான். நேரா அவ முன்னாடி போய் நின்னான்.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எனக்கு டீ கிளாஸ் கை நழுவப் பாத்துச்சு.

"உங்க பொட்டிக்குள்ள ஒரு நம்பர் இருந்துச்சு. அதை எழுதிக்கறதுக்கு முன்னாடி அழிச்சுட்டேன். பழக்க தோஷம். அந்த நம்பர் இல்லாம அளவு வெளியே வராது. நாப்பத்தாறு வகை இருக்கு, ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கணும். டிஸ்க் வேற கிழம். அதுவரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

அவ அழுவான்னு பாத்தேன். அழலை. "வெளியே வரலைன்னா முன்னூத்தி பன்னெண்டு பேருக்கும் நீங்கதான் போன் போட்டுச் சொல்லணும்"னா.

"சொல்றேன்."

"என் பேரை இழுக்கக் கூடாது. நான்தான் கெடுத்தேன்னு நீங்க சொல்லணும்."

"அப்படியே சொல்றேம்மா."

"சரி. நின்னுக்கிட்டு இருந்தா எப்படி? வேலையைப் பாருங்க."

பவர் பொட்டியில எரிஞ்சதை எடுத்துட்டு வேற பத்தவெச்சான். குண்டு பல்பை நடுவுல மாட்டினான். சுவிட்சைத் தட்டினான். பல்பு பளிச்சுனு எரிஞ்சுது. எல்லாரும் ஒரு அடி பின்னாடி போனாங்க, இவன் நகரலை. மெல்ல மெல்ல மங்கி, சிவந்து, அடங்கிச்சு. டிஸ்க் சுத்த ஆரம்பிச்சுது. அம்மாடி, அது சத்தமா! எண்ணெய் காணாத கதவை யாரோ நிறுத்தாம திறந்து மூடற மாதிரி.

"இனி இதை அணைக்கக் கூடாது. அணைச்சா மறுபடி சுத்தாது. எதையும் எழுதவும் வேண்டாம், படிக்க மட்டும் விடுங்க"ன்னான்.

டெலிபோன்காரர் கீபோர்டுல, இவன் பக்கத்துல. ஒண்ணு. வரலை. ரெண்டு. வரலை. ஒவ்வொரு நம்பருக்கும் பொட்டி கொஞ்ச நேரம் யோசிச்சு, ஒரே வரியைக் காட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா பதினஞ்சாவது தடவைக்குள்ள அந்த வரியோட மூஞ்சி எனக்கு மனப்பாடம். டீ ஆறிப் போச்சு. இருபதுக்கு மேல சத்தம் கீச்சுனு ஏறிச்சு. இவன் உள்ளங்கையை டிஸ்க் மேல வெச்சுப் பாத்து, "கொதிக்குது"ன்னு மட்டும் சொன்னான்.

"ஃபேனைத் திருப்பு இந்தப் பக்கம்"னு நான்தான் கத்தினேன். இத்தனை படிச்சவங்க இருந்து யாருக்கும் தோணலை.

முப்பது. முப்பத்தஞ்சு. அவ ஸ்டூலை விட்டு எழுந்து வந்து பின்னாடி நின்னா. முப்பத்தெட்டைப் போட்டதும் ஸ்க்ரீன்ல வரி வரியா இறங்க ஆரம்பிச்சுது. இறங்கிக்கிட்டே இருந்துச்சு.

"இவங்க எல்லாம் என் ஆளுங்கதான்"னு அவ மூச்சு வாங்கினா.

கை தட்ட யாருக்கும் தைரியம் இல்லை. ஒயரைப் போட்டு அளவையெல்லாம் இன்னொரு கம்ப்யூட்டருக்கு இழுத்தாங்க. முக்கா மணி நேரம். இவன் ஒத்தைக் கையால டிஸ்க்கை லேசாப் பிடிச்சுக்கிட்டே நின்னான், காய்ச்சல்காரக் குழந்தை மேல கை வெச்ச மாதிரி. கடைசிப் பேரு வந்து சேந்துச்சுன்னு டெலிபோன்காரர் சொல்லி ரெண்டு நிமிஷம் இருக்காது, கிறீச்சுனு ஒரு சத்தம், அதோட நின்னுபோச்சு. மறுபடி தட்டிப் பாத்தாங்க. அசையலை.

"போகட்டும், அதான் எடுத்துட்டோமே"ன்னேன் நான்.

யாரும் சிரிக்கலை. இவன்தான் சொன்னான்: "அண்ணி, நம்பர் கிட்டத்தட்ட சரியா இருந்தாக்கூட பேரெல்லாம் ஒழுங்கா வரும். போகப் போக ஒருத்தர் அளவு இன்னொருத்தர் பேருக்குப் போயிருக்கும். இப்ப மாத்திப் பாக்கவும் டிஸ்க் இல்லை. இதுல இருக்கறது நிஜ அளவான்னு தெரியாம மரத்தைக் கடைஞ்சா, கட்டு பிரிக்கற அந்தம்மா கால்தான் போகும்."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இதுல இருக்கற ஒரு காலை நேர்ல அளக்கணும். கடைசியில இருக்கற காலா இருந்தா நல்லது. உளறினா அங்கதான் உளறும்."

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கோணக் காலுக்கு எங்க போறது? எல்லாரும் மோட்டுவளையைப் பாத்தாங்க.

"கடைசிப் பேரு என்னோடது"ன்னா அவ. "போன மாசம்தான் அளவு எடுத்தது."

ஸ்டூல்ல உக்காந்து இடது ஷூவைக் கழட்டினா. ஊரையே எடை போடற கிழவி நான், எனக்கே அதுவரைக்கும் தெரியலை. அந்தக் கால் நாலு விரக்கடை குட்டை. பாதம் உள்பக்கமா மடங்கி, விரலெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்துச்சு. அவ்வளவையும் அந்த ஷூ நிமித்தி வெச்சிருந்துச்சு.

பையில இருந்து டேப்பை எடுத்து இவன்கிட்ட நீட்டினா. "என் காலை நானே குனிஞ்சு சரியா அளக்க வராது. என் தம்பிதான் போன தடவையும் எடுத்தான். இப்ப நீங்க எடுங்க."

முட்டி வலின்னு தரையில கிடக்கற ஸ்க்ரூவைக்கூட என்னை எடுக்கச் சொல்றவன், சம்மணம் போட்டுத் தரையில உக்காந்தான். அவ காலைத் தூக்கித் தன் முட்டி மேல வெச்சுக்கிட்டான். அவ இடத்தைக் காட்டக் காட்ட, இவன் டேப்பைச் சுத்தி, ஸ்க்ரீனைப் பாக்காம அளவைச் சொன்னான்.

"நீளம், இருநூத்தி எட்டு மில்லி."

டெலிபோன்காரர் ஸ்க்ரீன்ல தேடினாரு. ஒரு யுகம் ஆச்சு. "இருநூத்தி எட்டு."

"விரல் மூட்டைச் சுத்தி, இருநூத்தி முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணு."

"நடுப்பாதம்... இருநூத்தி நாப்பத்திநாலு."

டெலிபோன்காரர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டாரு.

"சார், நாப்பத்தாறுன்னு இருக்கு."

"பிடிச்சது தளர்வு, இருங்க. ஆமா. நாப்பத்தாறுதான். தப்பு என்னோடது." ஒரே நாள்ல ரெண்டாவது தடவை!

நாப்பது இடமும் பாத்தாங்க. கடைசியா குதிகாலைச் சுத்தி முன்னூத்தி ரெண்டுன்னான். "முன்னூத்தி ரெண்டு. முடிஞ்சுது சார், எல்லாம் சரி"ன்னு டெலிபோன்காரர் நாற்காலியில சாஞ்சாரு. அவ முதல் தடவையா சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே, ஷூவை எடுக்க எட்டறதுக்காக அந்தக் காலைக் கீழே இறக்கப் போனா. தரையெல்லாம் வெட்டிப் போட்ட கம்பித் துண்டும் ஈயச் சொட்டும். இவன் டேப்பை விட்டுட்டு, கையை விரிச்சு அந்தப் பாதத்துக்கு அடியில வெச்சான்.